சங்கிலி வளரும் வேகத்தை அளக்க: லேசர் துடிப்பா, சுழல் தகடா, ஈஎஸ்ஆரா?

ஸ்டைரீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக நீளும் வேகத்தைக் குறிக்கும் வளர்ச்சி மாறிலியை எங்கள் ஆய்வகத்தில் அளக்க வேண்டி வந்தபோது, லேசர் துடிப்பு, சுழல் தகடு, ஈஎஸ்ஆர் (எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு) ஆகிய மூன்று வழிகளையும் எடைபோட்டுவிட்டு லேசர் துடிப்பு முறையைத் தேர்ந்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பழைய சுழல் தகட்டு முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுவிட்ட தகட்டைச் சுழற்றி ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினால், வளர்ச்சி மாறிலிக்கும், சங்கிலிகள் நின்றுபோகும் வேகத்தைக் குறிக்கும் முடிவுறுதல் மாறிலிக்கும் உள்ள விகிதம் மட்டுமே கிடைக்கும். நிலையான ஒளியில் அளந்த வினைவேகத்தையும் சேர்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். முடிவுறுதலோ சங்கிலியின் நீளத்தையும் கரைசலின் பாகுநிலையையும் பொறுத்து மாறுவது. அதை ஒரே எண்ணாகக் கொள்வதால் வரும் பிழை, நமக்கு வேண்டிய வளர்ச்சி மாறிலியிலும் ஒட்டிக்கொள்கிறது.

வியன்னாவில் ஓலாயும் அவருடைய கூட்டாளிகளும் 1987இல் முன்வைத்த லேசர் முறை இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. ஒவ்வொரு துடிப்பும் புதிதாகத் தனி உறுப்புகளை, அதாவது இணைசேராத எலக்ட்ரானோடு சங்கிலியைத் தொடங்கிவைக்கும் துண்டுகளை, பிறப்பிக்கிறது. அதுவரை வளர்ந்துகொண்டிருந்த சங்கிலிகளில் பெரும்பகுதி அவற்றோடு மோதி அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆகவே சங்கிலியின் நீளம் என்பது வளர்ச்சி மாறிலி, மோனோமர் (சங்கிலியில் கோக்கப்படும் சிறு மூலக்கூறு) செறிவு, துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் ஆகிய மூன்றின் பெருக்கல்தான். ஸ்டைரீனுக்கு ஐயுபேக் (சர்வதேச வேதியியல் ஒன்றியம்) குழு 1995இல் வெளியிட்ட தர மதிப்பின்படி, 25 டிகிரி செல்சியஸில் இம்மாறிலி மோலுக்கு, வினாடிக்குச் சுமார் 86 லிட்டர். வினாடிக்கு 10 துடிப்பு கொடுத்தால், கரைப்பான் சேர்க்காத ஸ்டைரீனில் ஏறத்தாழ 75 அலகு நீளச் சங்கிலி, அதாவது 7,800 அளவில் மூலக்கூறு நிறை, கிடைக்க வேண்டும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: இந்த முறை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. முதல் துடிப்பில் தப்பிய சங்கிலிகள் அடுத்த துடிப்பில் நிற்பதால், சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசி கருவியின் வரைவில் இரு மடங்கு நீளத்தில் இரண்டாவது மேடு தெரிய வேண்டும். துடிப்பு வேகத்தை 20க்கு உயர்த்தினால் நீளம் பாதியாக வேண்டும், மாறிலியோ மாறக் கூடாது. எங்கள் முதல் மாதிரியில் இரண்டாவது மேடே இல்லை. ஒளி பட்டதும் தனி உறுப்புகளைத் தரும் ஒளித்துவக்கியை அள்ளிப் போட்டிருந்ததால் ஏறத்தாழ எல்லாச் சங்கிலிகளும் முதல் துடிப்பிலேயே முடிந்துவிட்டிருந்தன. அளவைக் குறைத்த பிறகு, வரைவில் மங்கலாகத் தெரிந்த தோள், வகைக்கெழு எடுத்ததும் தெளிவான உச்சியாக எழுந்தது. நீளத்தைக் கணிக்க முதல் மேட்டின் உச்சியை அல்ல, அதன் சிறுநிறைப் பக்க வளைவு மாற்றப் புள்ளியையே வழக்கமாக எடுப்பார்கள்.

குறைகளும் இருக்கின்றன. ஜிபிசி அளவுத்திருத்தத்தில் உள்ள பிழை மாறிலியில் அப்படியே இறங்கும். பியூட்டைல் அக்ரிலேட் போன்றவற்றில் சங்கிலி தன் முதுகையே கடித்துக்கொண்டு, அதாவது வினைபுரியும் இடம் நுனியிலிருந்து நடுவுக்கு நகர்ந்து, மந்தமான நடுச்சங்கிலித் தனி உறுப்பாக மாறிவிடுவதால், அறை வெப்பநிலையிலேயே சாதாரண துடிப்பு வேகம் போதாமல் போகிறது. வினாடிக்கு 500 துடிப்பு அளவிலான லேசர் தேவைப்படும்.

ஈஎஸ்ஆர் முறையின் அழகு, தனி உறுப்புகளை நேரடியாக எண்ணுவது. மோனோமர் குறையும் வேகத்தைத் தனி உறுப்புகளின் செறிவாலும் மோனோமர் செறிவாலும் வகுத்தால் மாறிலி வந்துவிடும். ஆனால் தனி உறுப்புகளின் செறிவு பெரும்பாலும் லிட்டருக்கு மைக்ரோமோலுக்கும் கீழே இருப்பதால் சமிக்ஞை இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது. அந்தக் கருவியில் நான் உட்கார்ந்தது இரண்டு மூன்று நாள்தான். கைதேர்ந்தவர் இதைவிட நல்ல வரைவு எடுப்பார். நடுச்சங்கிலித் தனி உறுப்புகளைத் தனியே அடையாளம் காண வேண்டியிருந்தால், நானும் அந்தக் கருவிக்குத்தான் நேரம் கேட்டு விண்ணப்பிப்பேன்.