ஐந்து மாதமாக ஓடும் 24 போர்ட் ஸ்விட்ச்: டிஎச்சிபி ரிலேவுக்காக வாங்கலாமா?

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடிகளில் நடக்கும் துணைப்பாட நிலையத்துக்கு நான்தான் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். முன்பு எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் கிடந்தது. கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர், பிள்ளைகளின் டேப்லெட், கீழே காத்திருக்கும் பெற்றோரின் போன், கேமரா எல்லாம் ஒன்றையொன்று பார்க்கலாம். இதைப் பிரித்தே ஆக வேண்டும் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், முந்நூற்றுச் சொச்ச வெள்ளிக்கு ஒரு 24 போர்ட் மேனேஜ்டு (அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும்) ஸ்விட்ச் வாங்கி வந்தேன். பெட்டியில் 'லேயர் 2 பிளஸ்' என்று போட்டிருக்கும் ரகம். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் வரும் பல ஸ்விட்சுகளின் மெனு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேன் கிடையாது, அதனால் சத்தம் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் ஏர்கான் எட்டாத ஒரு பொந்தில்தான் வைத்திருக்கிறேன், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூடத் தானாக அணையவில்லை.

நான் இதை வாங்கியதே டிஎச்சிபி ரிலேவுக்காக, அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் முறைதான் டிஎச்சிபி, ஒரு நெட்வொர்க்கில் எழும் கோரிக்கையை வேறொரு நெட்வொர்க்கில் இருக்கும் சர்வருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரிலே. ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பதுதான் விலான், என்னிடம் நான்கு: அலுவலகம் 10, டேப்லெட் 20, விருந்தினர் வைஃபை 30, கேமரா 40. ஐபி கொடுக்கும் சர்வர் ஒன்றே ஒன்று, அலுவலக விலானில் 192.168.10.5 என்ற முகவரியில் இருக்கும் சின்ன லினக்ஸ் பெட்டி, அதில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎச்சிபி மென்பொருள் ஓடுகிறது. சர்வருக்கு எல்லா விலானிலும் ஒரு கால் வைத்துவிட்டால் ரிலேவே வேண்டாமே என்று கேட்கலாம். விருந்தினர் நெட்வொர்க்கில் அந்தப் பெட்டி நேரடியாக உட்காரக் கூடாது என்பதுதான் என் எண்ணம். ஸ்விட்சுக்குள்ளேயே ஒரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறது, ஆனால் யாருக்கு எந்த ஐபி என்று ஒரே இடத்தில் பார்ப்பதற்கு எனக்கு அந்த லினக்ஸ் பெட்டிதான் வசதி.

ஐபி வேண்டும் என்று ஒரு டேப்லெட் கேட்கும்போது யாரிடம் கேட்பது என்று அதற்கே தெரியாது, அதனால் 255.255.255.255க்கு பிராட்காஸ்டாகக் கூவுகிறது. அந்தக் கூவல் விலானைத் தாண்டாது. ரிலே அதைக் கேட்டு, சர்வருக்கு நேராக ஒரு பாக்கெட்டாக அனுப்புகிறது, அனுப்பும்போது 'ஜிஐஅட்ரஸ்' என்ற கட்டத்தில் தன்னுடைய அந்த விலான் ஐபியை எழுதிவிடுகிறது. 192.168.20.1 என்று எழுதியிருந்தால் சர்வர் 20ஆம் விலானின் பட்டியலிலிருந்து ஐபி எடுத்துக் கொடுக்கும். ஆகவே விலானுக்கு ஸ்விட்சில் ஒரு ஐபி இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் எழுத ஒன்றும் இருக்காது. கையேட்டில் ரிலேவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. இதற்காகவே கையேட்டுக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

வெள்ளிக்கிழமை இரவு கடைசி வகுப்பு முடிந்து 9.30க்கு மேல் வேலையைத் தொடங்கினேன். நிலையத்தை நடத்தும் அக்கா சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, காலையில 9 மணிக்கு பிரைமரி சிக்ஸ் பிள்ளைங்க வந்துடுவாங்க, டேப்லெட் ஓடணும்" என்று சொல்லிப் போனார். இன்டர்ஃபேஸ் போட்டேன், ரிலே பக்கத்தில் சர்வர் முகவரியைப் போட்டேன், 'அப்ளை' அடித்தேன். சோதனைக்கு லேப்டாப்பை 20ஆம் விலான் போர்ட்டில் செருகினால் 169.254 என்று தொடங்கும் முகவரி. ஐபி கொடுக்க ஆள் கிடைக்காதபோது லேப்டாப் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது.

வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை சர்வரில் ஓடவிட்டு, டிஎச்சிபி சர்வர் காதுகொடுக்கும் 67ஆம் போர்ட்டைப் பார்த்தேன். ஒரு பாக்கெட்கூட வரவில்லை. முக்கால் மணி நேரம் தேடிய பிறகு, ரிலேவை மொத்தமாக இயக்கும் பொத்தான் வேறொரு மெனுவில் வேறொரு பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டது. இன்டர்ஃபேஸ் பக்கம் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் 'வெற்றி' என்று பச்சையாகச் சொல்லிவிட்டது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அங்கேதான்.

அப்புறம் பாக்கெட் வந்தது, ஜிஐஅட்ரஸ் சரியாக 192.168.20.1, ஆனால் சர்வர் பதில் பேசவில்லை. டிஎன்எஸ்மாஸ்க்கில் நேரடியாக இணைக்காத நெட்வொர்க்குக்கு ரேஞ்ச் (கொடுக்க வேண்டிய ஐபிகளின் வரம்பு) எழுதும்போது நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் நெட்மாஸ்க்கையும் சேர்த்து எழுத வேண்டும், நான் விட்டுவிட்டேன். அதைச் சேர்த்ததும் பதில் கிளம்பியது, ஆனால் திரும்பி வந்து சேரவில்லை. சர்வரின் கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல், ஃபயர்வால்தான், அந்த ஃபயர்வாலுக்கோ 192.168.20.0 எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதில் ஒரு ரூட் போட்டு, 'ஸ்விட்சின் 192.168.10.1 வழியாகப் போ' என்று சொன்னதும் லேப்டாப் திரையில் 192.168.20.51 வந்து உட்கார்ந்தது. மணி 12.40. கடைசி இரண்டிலும் ஸ்விட்ச் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

அன்று முதல் ரிலே ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலை முப்பது டேப்லெட் ஒரே நேரத்தில் ஆன் ஆனாலும் எல்லாவற்றுக்கும் உடனே ஐபி கிடைக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சின்ன விஷயம் கவனித்தேன். விருந்தினர் விலானிலிருந்து அலுவலக விலானுக்கு எதுவும் போகாதபடி ஸ்விட்சில் ஏசிஎல் (எது போகலாம், எது கூடாது என்ற விதிப் பட்டியல்) போட்டிருந்தேன். லீஸ், அதாவது ஒரு சாதனம் ஐபியை வைத்துக்கொள்ளும் காலம், 8 மணி நேரம். பாதி நேரம் ஆனதும், அதாவது 4ஆவது மணியில், சாதனம் ரிலேவை விட்டுவிட்டு சர்வரிடமே நேராகப் போய்ப் புதுப்பிக்கப் பார்க்கும், அதை என் ஏசிஎல் தடுத்துவிட்டது. 7ஆவது மணியில் அது மறுபடி பிராட்காஸ்டாகக் கூவ, ரிலே வழியாகக் காரியம் முடிந்துவிடும். அதனால் யாருக்கும் இணைப்பு போகவில்லை, ஆனால் ஏசிஎல் கணக்கில் தடுத்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சர்வரின் 67ஆம் போர்ட்டுக்கு மட்டும் ஒரு அனுமதி வரி போட்டேன், அடங்கியது. ரிலே வைத்துக்கொண்டு விலான்களுக்கு நடுவே சுவர் எழுப்புகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

இந்த விலையில் நான் எதிர்பார்க்காதது டிஎச்சிபி ஸ்னூப்பிங். சர்வர் இருக்கும் போர்ட்டை மட்டும் 'டிரஸ்ட்' என்று குறித்துவிட்டால், மற்ற போர்ட்டுகளிலிருந்து யார் ஐபி கொடுக்க வந்தாலும் ஸ்விட்ச் தூக்கிப் போட்டுவிடும். ஒரு ஆசிரியர் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை வகுப்பில் செருகியபோது இதன் அருமை தெரிந்தது. அவருடைய வகுப்பைத் தவிர வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆப்ஷன் 82உம் இருக்கிறது, எந்த போர்ட்டிலிருந்து ஐபி கேட்டார்கள் என்பதை ஸ்விட்ச் கோரிக்கையிலேயே ஒட்டி அனுப்பும். கேமராக்களுக்கு அது அருமை. வைஃபைக்கு அவ்வளவாகப் பயனில்லை, அக்சஸ் பாயின்ட் ஒரே போர்ட்டில் இருப்பதால் எல்லா டேப்லெட்டும் அந்த ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இன்னொன்று. 'அப்ளை' அடித்தால் அந்த நேரத்துக்கு மட்டும்தான். மேல் மூலையில் இருக்கும் சின்ன 'சேவ்' பொத்தானை அடிக்காமல் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு.

ரிலேவுக்கு நான் 5க்கு 4.5 கொடுப்பேன், மெனுவுக்கு 2. இரண்டு மூன்று விலான், ஒரே டிஎச்சிபி சர்வர், பாக்கெட் எங்கே போகிறது என்று டிசிபிடம்ப்பில் பார்க்கத் தெரியும் என்றால் தாராளமாக வாங்கலாம். இது தெரியாதவர், கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம், நான் வாங்கிய கடையில் ரிலே பற்றிக் கேட்டபோது பெட்டியைத் திருப்பி அதில் எழுதியிருந்ததைத்தான் படித்துக் காட்டினார்கள். அடுத்த மாதம் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைவீட்டையும் எடுக்கிறார்கள், அங்கேயும் இதே மாடல்தான் வைக்கப் போகிறேன்.