சிங்கப்பூர் டு நியூயார்க் நேரடி பிளைட்: ஆறு வருஷம் போய் வந்த அனுபவம்

நேத்து ஃபிரெண்டு ஒருத்தி கேட்டா, "அக்கா, சிங்கப்பூர்லேருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டர் சொச்சம்னு காட்டுது, 900ஆல வகுத்தா 17 மணி நேரம்தானே?"ன்னு. இல்லம்மா. டிக்கெட்ல கிட்டத்தட்ட 19 மணி நேரம்னுதான் போட்டிருக்கும். அந்த 15,300ங்கறது நேர்கோடு, வடதுருவம் பக்கமா போற கணக்கு. நிஜத்துல போறப்போ பசிபிக் மேல சுத்தித்தான் போகும், ஏன்னா மேல ஜெட் ஸ்ட்ரீம்னு மேற்கேயிருந்து கிழக்கே காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், தூரம் கூடினாலும் அது பின்னாடியிருந்து தள்ளிவிடும். திரும்பி வர்றப்போ சில தடவை அட்லாண்டிக், ஐரோப்பா வழியா, அதாவது மறுபடியும் கிழக்கேயே பறந்து வீட்டுக்கு வந்திருக்கேன். உலகத்தையே ஒரு சுத்து சுத்தியாச்சு!

மக அங்க இருக்கா, அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது போயிடுவேன். ஏ350 விமானம், நெசமாவே நல்லா இருக்கு, முன்னெல்லாம் இறங்கினா வர்ற தலைவலி இதுல வர்றதில்ல. சாதாரண எகானமி கிடையாது, பிரீமியம் எகானமிதான், காசு ஜாஸ்தி. ஆனா பின்னாடி கடைசி மூணு வரிசையில ஜன்னலோரம் ஒத்தை சீட்டு இருக்கும், அது கிடைச்சா விடாதீங்க, பாத்ரூம் போக யாரையும் எழுப்ப வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, மார்ச் நடுவுலேருந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும் ரெண்டு ஊருக்கும் சரியா 12 மணி நேரம் வித்தியாசம். முள்ளு வாட்ச்சைத் திருகவே வேண்டாம். மத்தியானம் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல ஏறுறோம், வழியில இருட்டி, மறுபடி விடிஞ்சு, அங்க இறங்குறப்போ அதே தேதி சாயங்காலம். ஒரே தேதியில ரெண்டு விடியல், ஒவ்வொரு தடவையும் ஷட்டரைக் கொஞ்சமா தூக்கிப் பார்ப்பேன்.

ஆனா கொடுத்த நாளைத் திரும்பி வர்றப்போ புடுங்கிக்குது பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினா ஞாயித்துக்கிழமை விடிகாலையில இறக்கிவிடறாங்க. சனிக்கிழமைன்னு ஒண்ணு காலுக்குக் கீழ தரையே இல்லாம போயிடுது. போன பிப்ரவரியில அந்த சனிக்கிழமைதான் அம்மாவோட திதி. டிக்கெட் போடறப்போ வெள்ளி கிளம்பறோம், எப்படியும் சனி வந்துடுவோம்னு நினைச்சு தேதியைச் சரியா பார்க்காம விட்டுட்டேன். வீட்டுல அம்மா படத்துக்கு முன்னாடி இலை போட்டுப் படைக்கணும், நான் முன்னாடி இருக்கற மேப்பைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். தூங்கி எந்திரிச்சுப் பார்த்தா இன்னும் 9 மணி நேரம்னு காட்டுது. சாப்பாட்டுத் தட்டுல இருந்த சோத்துல ஒரு பிடி எடுத்து ஓரமா வச்சேன், ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு வந்து முடிஞ்சுதான்னு கேட்டுட்டுத் தட்டை எடுத்துட்டுப் போயிடுச்சு. அவங்க மேல என்ன தப்பு, ஆனா அழுகை வந்துருச்சு.

அதனால போறதுக்குக் கண்ணை மூடிக்கிட்டு இதையே எடுங்க. வர்றதுக்கு நான் இனி எடுக்க மாட்டேன். ஃபிராங்க்ஃபர்ட் வழியா வர்ற பிளைட் பார்த்து வச்சிருக்கேன், நேரம் இன்னும் கூடத்தான் ஆகும். சனிக்கிழமை காலையில அங்க இறக்கிவிடுவாங்க, ரெண்டு மணி நேரம் தரையில நடக்கலாம்.