தங்க நானோ துகளும் கிராஃபீனும் பூசிய அச்சு எலக்ட்ரோடு: காசுக்குத் தகுமா?

சேலத்தில் எங்கள் லேபுக்கு இந்த மாம்பழ சீசனில் வாங்கியது. பிளாஸ்டிக் பட்டையில் கார்பன் மையால் அச்சடித்த எலக்ட்ரோடு (மின்சாரத்தை அளக்க உதவும் முனை), அதன் மேல் கிராஃபீனும் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) தங்க நானோ துகளும் பூசி வருகிறது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். சிக்னல் கூடுதலாக வேண்டும் என்றால் வாங்குங்கள், இதைப் போட்டுவிட்டால் எம்.ஐ.பி. சென்சார் (ஒரு மூலக்கூறின் வடிவத்தில் குழி பதித்த பாலிமரால் அந்த மூலக்கூறைக் கண்டுபிடிக்கும் கருவி) தானாகவே தேடும் மூலக்கூறை மட்டும் தேர்ந்து பிடிக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

மல்கோவாவில் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் கரும்புள்ளிக்குக் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிப்பது உண்டு, அதன் எச்சத்தைப் பழச்சாற்றில் பார்ப்பதுதான் எங்கள் வேலை. கார்பென்டசிம் மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை வளர்த்து, பிறகு அதைக் கழுவி எடுத்தால் அதே வடிவத்தில் குழி நிற்கும், அடுத்து வரும் கார்பென்டசிம் அதில் போய் உட்காரும். 1972-லேயே ஜெர்மனியில் வேதியியலாளர் வுல்ஃப் ஆரம்பித்து வைத்த விஷயம். ஆனால் இந்தப் பாலிமர்களில் பல மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால்தான் அடியில் நானோ பூச்சு: பரப்பு கூடும், எலக்ட்ரான் போக வழி கிடைக்கும்.

அந்த வகையில் குறை சொல்ல முடியாது. எலக்ட்ரோடைச் சோதிக்கும் வழக்கமான கரைசலான பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தால் வெறும் கார்பனைவிடப் பீக் (மின்னோட்ட வரைபடத்தின் முகடு) நன்றாகவே எழும்புகிறது, போகும் பீக்கும் வரும் பீக்கும் நெருங்கி நிற்கின்றன, எலக்ட்ரான் சுலபமாகப் போகிறது என்று அர்த்தம். ஒரு சொட்டு மாதிரி போதும், கிளாஸி கார்பன் எலக்ட்ரோடை அலுமினாத் தூளில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை மிச்சம். மேலே ஆர்த்தோ-ஃபினைலின்டைஅமீனை மின்சாரத்தாலேயே பாலிமராக வளர்த்தோம், அந்தப் படலம் கடத்தாது என்பதால் ஓரளவுக்கு வளர்ந்ததும் தானே நின்றுவிடும், அது வசதி. பாலிமரைத் தடிமனாக்குகிறவர்கள் மட்டும் கவனம், நானோ பூச்சின் சந்துகளெல்லாம் அடைபட்டு, கொடுத்த காசுக்கான பரப்பு உள்ளேயே புதைந்துபோகும்.

இப்போது குறைகள். கார்பென்டசிம் இல்லாமல் வளர்த்த பாலிமர், அதாவது குழியே இல்லாதது, அதையும் இதே எலக்ட்ரோடில் போட்டுப் பார்த்தோம். அதுவும் சிக்னல் கொடுக்கிறது, கொஞ்சநஞ்சம் இல்லை! கிராஃபீனுக்கு வளையம் உள்ள மூலக்கூறு எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் குணம், கார்பென்டசிமின் சொந்தக்காரனான தையாபென்டசோல் வந்தாலும் ஒட்டும். பூச்சு கூடக்கூட இந்தப் பொய்ச் சிக்னலும் கூடுகிறது. கூட வந்த துண்டுச்சீட்டில் பரப்பளவைப் பற்றி அவ்வளவு பெருமை, இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழி உள்ளதற்கும் இல்லாததற்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று கேட்டபோது விற்பவர் மறுபடியும் பரப்பளவையே சொன்னார்.

அடுத்தது கழுவல். வார்ப்பு மூலக்கூறை, அதாவது குழியை உண்டாக்கிய கார்பென்டசிமை, எடுக்க மெத்தனாலில் அசிட்டிக் அமிலம் கலந்து ஊற வைப்பது வழக்கம், இதில் அப்படிச் செய்தால் பட்டையின் காப்பு மை உரிய ஆரம்பிக்கிறது. தண்ணீர் கலந்த எத்தனாலில் கொஞ்ச நேரம் வைத்து, பஃபரில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) மின்னழுத்தத்தை மேலும் கீழும் ஓட்டி எடுத்தோம், தாங்கியது. பட்டையில் இருக்கும் வெள்ளி ரெஃபரன்ஸின் (ஒப்பிட்டு அளக்க உதவும் முனை) மின்னழுத்தமும் குளோரைடு அளவு மாறினால் நகர்ந்துவிடும், எல்லாக் கரைசலிலும் ஒரே அளவு பொட்டாசியம் குளோரைடு போடுங்கள். அப்புறம், அளப்பதற்காக மாம்பழச் சாற்றில் ஃபெர்ரிசயனைடை நேராகக் கலக்காதீர்கள், பழத்தில் உள்ள வைட்டமின் சி அதை ஒடுக்கி எல்லாக் கணக்கையும் குழப்பும். சாற்றில் நனைத்து, நன்றாகக் கழுவி, வேறு கரைசலில் அளப்பதே சரி.

பெரிய கடுப்பு, பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு பூச்சு ஒரே மாதிரி இல்லை. குழி உள்ளதை ஒரு பாக்கெட்டிலும் இல்லாததை இன்னொன்றிலும் செய்தால் நீங்கள் ஒப்பிடுவது பாலிமரையா பூச்சையா என்றே தெரியாது, இரண்டையும் ஒரே பாக்கெட்டில் முடியுங்கள்.

எம்.எஸ்சி. பிராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்கு இது வேண்டாம், வெறும் கார்பன் பட்டை வாங்கித் தாங்களே நானோ துகளைச் சொட்டுவிட்டுக் காய வைக்கட்டும், விலையும் குறைவு, எவ்வளவு போட்டோம் என்பதும் கையில் இருக்கும். மிகக் குறைந்த அளவு எச்சத்தைத் தேடுகிற லேபுகள் வாங்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் பீக்குக்காக.