பிறீவீல் ஓப்பனர் வாங்கலாம், வட்டச் சாவி வேண்டாம்

போன மாதம் கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு சைக்கிள் சாமான் கடையில் மூன்று பொருள் வாங்கினேன். பிறீவீல் (பின் சில்லில் செயின் ஓடுகிற பல்சக்கரம்) கழற்றுகிற ஓப்பனர், சில்லுக் கம்பி முறுக்குகிற வட்டச் சாவி, பின் சில்லுக்கு நாலு கம்பி. எல்லாம் சேர்த்து 2000 ரூபாய்க்குள் முடிந்தது.

வாங்கவேண்டி வந்த கதை இதுதான். எங்களுக்கு விசுவமடுவில் உள்ளே போகிற கிறவல் ஒழுங்கை. கரியரில் ஒரு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போகையில் பின்னால் 'டிங்' என்றது. இறங்கிப் பார்த்தால் வலப்பக்கம், பிறீவீலுக்குப் பின்னால், சில்லின் நடுவில் இருக்கிற ஹப்பின் ஓட்டையில் வளைந்து மாட்டுகிற இடத்திலேயே கம்பி முறிந்து கிடக்கிறது. பின் சில்லில் முறிவது அநேகமாக அந்தப் பக்கம்தான். பிறீவீலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று கூடுதல் இறுக்கத்தில் இருக்கும்.

இதற்கு முன்பும் ஒருமுறை முறிந்தது. அப்போது ஒரு கடையில் கொடுத்தேன். பிறீவீலைக் கழற்றப் பஞ்சிப்பட்டு, கம்பியின் தலையை வெட்டிக் கொக்கி மாதிரி வளைத்து மாட்டிவிட்டிருக்கிறார்கள். காசு முழுதாக வாங்கினார்கள், கம்பி ஒரு கிழமையில் நழுவிவிட்டது. அதனால்தான் இந்த முறை நானே செய்வது என்று இறங்கினேன்.

முதலில் ஓப்பனர். இது இல்லாமல் வலப்பக்கக் கம்பியை ஒழுங்காக மாற்ற முடியாது. மிதிக்க மிதிக்க இறுகுகிற சாமான் பிறீவீல், ஆகவே வருடக்கணக்கில் ஓடியது சும்மா கழலாது. ஓப்பனரைப் பிறீவீலின் பள்ளத்தில் இருத்தி, நழுவாமல் இருக்க அச்சு நட்டைக் கையால் மட்டும் பூட்டி, மேசையில் பூட்டியிருக்கிற வைஸில் (இடுக்கியில்) பிடித்து, சில்லையே ஸ்டியரிங் மாதிரி இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். வீட்டில் செய்தேன் என்று பெருமையாகச் சொன்னாலும் வைஸ் பக்கத்து வீட்டு உழவு இயந்திரக் கராஜில்தான் இருந்தது. 'டக்' என்று விட்டதும் நட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறீவீல் வெளியே வர இடமில்லாமல் நட்டோடு முட்டும். ஓப்பனரின் பல் ஒன்றுகூட மழுங்கவில்லை. நல்ல இரும்பு.

வட்டச் சாவி சரியில்லை. சுற்றிவர ஏழெட்டு வெட்டு இருக்கிறது, ஒன்றாவது என் நிப்பிளில், அதாவது கம்பியை றிம்மோடு பூட்டுகிற சின்ன நட்டில், இறுக்கமாக உட்காரவில்லை. இரண்டாவது திருப்பிலேயே ஒரு நிப்பிளின் மூலை தேய்ந்துவிட்டது. கடைசியில் அப்பாவின் பழைய ஒற்றை வெட்டுச் சாவிதான் கைகொடுத்தது. வாங்குவதென்றால் ஒரு நிப்பிளைக் கையோடு கொண்டுபோய் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

கம்பிக்கும் அப்படித்தான், முறிந்த இரண்டு துண்டையும் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை அவற்றைப் பொருத்தி அளந்துவிட்டு, "தம்பி, இது 14 கேஜ் தடிப்பு, நீளம் கூடினால் ரியூப்பைக் குத்தும்" என்று சரியான அளவைத் தேடி எடுத்துத் தந்தார். நிப்பிள் பழையதே நல்லாக இருந்ததால் ரயரைக் கழற்ற வேண்டி வரவில்லை. கோர்க்கும்போது, றிம்மில் நாலு கம்பிக்கு ஒருமுறை அதே மாதிரிப் போகிற கம்பி வரும். அது எதற்கு மேலால் போகிறது, எதற்குக் கீழால் போகிறது என்று பார்த்துப் புதுக் கம்பியையும் அப்படியே விட்டேன். பிறீவீலைக் கிறீஸ் பூசிக் கையால் மட்டும் பூட்டினால் போதும், மிச்சத்தை மிதி பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் சில்லைப் பூட்டி நெளிவு எடுப்பது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினேன். அப்பா திண்ணையில் இருந்து, "என்னடா, செய்தி கேட்கப் போறியோ?" என்றார். போர்க்காலத்தில் சாமான்களுக்குத் தடை இருந்தபோது பற்றறி இல்லாமல் இப்படித்தான் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். என்னுடையது இரும்புத் தண்டால் இழுக்கிற பழைய பிறேக், கட்டை றிம்மின் உட்பக்கத்தில் பிடிக்கும், பக்கவாட்டில் இல்லை, அதனால் கட்டையை வைத்து நெளிவு பார்க்க முடியாது. ஆகவே பின் போர்க்கில் ஒரு ஈர்க்கை நூலால் கட்டி, நுனி றிம்மில் தொடுகிறதா என்று பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்த இடத்தில் வலப்பக்க நிப்பிளைக் கால் திருப்பு இறுக்கினேன், அவ்வளவுதான். முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி நெளிவை இன்னும் கூட்டிவிட்டேன். ரயர்ப் பக்கம் இருந்து பார்த்தால்தான் வலஞ்சுழியாக இறுகும், ஹப் பக்கம் இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் மாறித் தெரியும். நகத்தால் தட்டிப் பார்த்துப் புதுக் கம்பியின் சத்தம் பக்கத்து வலப்பக்கக் கம்பிகளின் சத்தத்தோடு ஒத்துவந்ததும் நிறுத்தினேன். பிறீவீலைக் கிறீஸ் பூசிக் கையால் மட்டும் பூட்டினால் போதும், மிச்சத்தை மிதி பார்த்துக்கொள்ளும்.

பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மூட்டை நெல் ஏற்றிவிட்டேன், கம்பி நிற்கிறது. மிச்சம் மூன்று கம்பியும் சீற்றுக்குக் கீழே கட்டிக் கிடக்கின்றன. ஓப்பனர்தான் இப்போது என்னிடம் இல்லை. கராஜ்காரர் ஒரு நாளைக்கு என்று வாங்கியது அவருடைய மச்சானிடம் போய், அங்கிருந்து உடையார்கட்டுக்குப் போயிருப்பதாகக் கேள்வி.