ஒரு கை மட்டும் கிடைக்கும்போது: ஈமேக்ஸ், விம், விஎஸ் கோட்

நிரல் எழுதும் வேலைக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஈமேக்ஸ் என்ற நிரல் எழுதும் எடிட்டர் ஒன்றையே பயன்படுத்தி வந்தேன். குழந்தை பிறந்ததும், அதே ஆண்டில் மணிக்கட்டு வலி தொடங்கியதும், பிறகு ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு வந்து சேர்ந்ததும் என்னை விம், விஎஸ் கோட் ஆகிய வேறு எடிட்டர்களின் பக்கம் திருப்பின. ஆகவே இந்த ஒப்பீட்டில் வேகத்தையும் வசதிப் பட்டியலையும் பின்னுக்குத் தள்ளி, கைகளுக்கும் கவனத்துக்கும் எது ஒத்துப்போகிறது என்பதையே முதன்மையாகப் பார்க்கிறேன்.

குழந்தை இடது தோளில் உறங்கும்போது விசைப்பலகைக்கு வலது கை மட்டுமே மிஞ்சும். ஈமேக்ஸின் கட்டளைகளில் பெரும்பாலானவை கன்ட்ரோல் அல்லது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டே மற்றோர் எழுத்தை அழுத்த வேண்டியவை என்பதால், ஒற்றைக் கையால் அவற்றை இடுவது பெரும்பாடு. லிஸ்ப் மொழிக்கென்றே உருவான பழைய கணினிகளின் விசைப்பலகையில் கன்ட்ரோல் விசை இடைவெளி விசையை ஒட்டியே இருந்தது. இன்று அது மூலைக்குப் போய்விட்டதால் சுமை முழுவதும் சுண்டுவிரலின் மேல் விழுகிறது. விம்மிலோ கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும் எழுத்துகள். சி, ஐ, டபிள்யூ என மூன்று விசைகளைத் தட்டினால் கர்சர் நிற்கும் சொல் அழிந்து, புதிய சொல்லைத் தட்டச்சு செய்ய இடம் தயாராகிவிடும். எதையும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த முறை 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரிலிருந்து வந்தது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற கணினி முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அச்சிடப்பட்டிருந்தன என்பதால்தான், இன்றும் விம்மில் அந்த நான்கு எழுத்துகளால் நகர்கிறோம். ஈவில் என்ற தொகுப்பைச் சேர்த்தால் ஈமேக்ஸிலும் இதே பழக்கத்தைப் பெறலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

கவனம் சிதறும் நாட்களில் ஈமேக்ஸுக்கு இணை இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கிய, ஈமேக்ஸுக்குள் குறிப்பெடுக்க உதவும் ஆர்க் மோடில், குழந்தை அழும் ஒலி கேட்ட நொடியிலேயே பாதி எண்ணத்தை ஒரு குறிப்பாக எழுதிவிட்டு எழுந்துவிடலாம். எந்தக் கோப்பின் எந்த வரியில் இருந்தேன் என்ற இணைப்பும் அந்தக் குறிப்போடு சேர்ந்துகொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது அந்த ஒரு வரி என்னைக் கையைப் பிடித்து விட்ட இடத்துக்கே அழைத்துச் சென்றிருக்கிறது. விம்மில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் குறிகளாக இட்டு இடத்தைக் குறித்துவைக்கலாம், விஎஸ் கோட் சேமிக்காத கோப்புகளையும் மீட்டுத் தரும். ஆனால் இரண்டுமே எண்ணத்தைக் காத்துவைப்பதில்லை.

நிரலைப் புரிந்துகொண்டு பரிந்துரைக்கும் திறனில் பெரிய வேறுபாடு இப்போது இல்லை. நிரல் மொழியை அறிந்த தனி மென்பொருளோடு எடிட்டர் பேச உதவுவது மொழிச் சேவையக நெறிமுறை. 2016இல் விஎஸ் கோடுக்காக வெளியான அதை, விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம் 2021இலும் ஈமேக்ஸ் 2023இலும் தம் உள்ளேயே சேர்த்துக்கொண்டன.

குழு வேலைக்கு விஎஸ் கோட் முந்துகிறது. அமைப்புகளைத் திட்டத்தின் கோப்புறையிலேயே வைத்துப் பகிரலாம் என்பதால் புதிதாகச் சேர்பவர் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார். இணைய நுட்பங்களால் கணினிச் செயலிகளை உருவாக்கும் எலக்ட்ரான் மேல் கட்டப்பட்டதால் அது நினைவகத்தை மிகுதியாகத் தின்பதைப் பொறுத்துக்கொள்கிறேன். எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு: தொலைக் கணினியில் வேலை செய்ய உதவும் அதன் முக்கிய நீட்சிகள் திறமூலம் ஆகவில்லை; நிறுவனம் கைவிட்டால் அவற்றைப் பிறர் எடுத்து வளர்க்க முடியாது. 2022 டிசம்பரில் ஆட்டம் எடிட்டரை அதன் நிறுவனமே முடித்துவைத்ததைப் பார்த்தோம். மாறாக, விம்மை உருவாக்கிய பிராம் மூலெனார் 2023இல் மறைந்த பிறகும் பங்களிப்பாளர்கள் அதைத் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள்.

இப்போது குழுவோடு இருக்கும் நேரத்தில் விம் விசைகளுடன் கூடிய விஎஸ் கோடையும், சேவையகங்களில் நியோவிம்மையும், குறிப்புகளுக்கு மட்டும் ஈமேக்ஸையும் வைத்திருக்கிறேன். எதைக் கற்பது என்று கேட்கும் இளையவர்களிடம், விம்மோடு வரும் விம்டியூட்டர் பயிற்சியில் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறேன். அந்த விசைகள் விரலுக்குப் பழகிவிட்டால் பின்னால் எந்த எடிட்டருக்கு மாறினாலும் அவற்றையும் உடன் கொண்டுபோகலாம்.