அப்பாவுக்குச் செய்த மருந்துசார் மரபணுப் பரிசோதனை: ஊர்ப் பயண அனுபவம்

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட அப்பாவுடன் இருப்பதற்காக இம்முறை ஊருக்குச் சென்றிருந்தபோது, ஒருவரின் மரபணுவுக்கு ஒரு மருந்து எப்படி வேலை செய்யும் என்று பார்க்கும் மருந்துசார் மரபணுப் பரிசோதனைச் சேவையை நேரில் அறியும் வாய்ப்புக் கிடைத்தது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அவருக்குக் குளோபிடோக்ரல் எழுதித் தரப்பட்டிருந்தது. அம்மாத்திரை, விழுங்கிய வடிவிலேயே வேலை செய்வதில்லை. கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2சி19 என்னும் நொதிதான் அதைச் செயல்படும் மருந்தாக மாற்றுகிறது. அந்நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளுமே செயலிழந்த வகையாக அமைந்தவர்களுக்கு, ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை உட்கொண்டாலும் போதிய பாதுகாப்புக் கிடைப்பதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-ஆம் ஆண்டிலேயே இதுபற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை, அதாவது மருந்துக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கையை, இம்மருந்துக்குச் சேர்த்தது. செயலிழந்த அந்த வகை ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால்தான், பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன்.

மாதிரி சேகரித்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் சென்றார்கள். முடிவும் கைபேசிக்கே வந்துசேர்ந்தது. ஆனால், 'நட்சத்திரம் 2 / நட்சத்திரம் 2' என்ற குறியீட்டுக்கும் 'மிகக் குறைந்த வளர்சிதைமாற்றம்' என்ற ஒற்றை வரிக்கும் மேல் அறிக்கையில் எதுவும் இல்லை. மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழந்த வகை, அதனால் அந்நொதி வேலை செய்வதில்லை என்பதே இவற்றின் பொருள். ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, மருத்துவரிடம் காட்டுமாறு மட்டுமே சொன்னார்கள். அந்த வரியைப் படிக்கும் ஒரு முதியவர், தமக்கு மருந்தே ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று அஞ்சி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடும் அல்லவா? ரத்தம் எடுப்பதில் காட்டிய அக்கறையில் பாதியையாவது விளக்கம் சொல்வதிலும் காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் குறையை இதய மருத்துவர் தீர்த்துவைத்தார். இந்நொதியின் உதவி தேவைப்படாத டிகாக்ரெலர் என்னும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்துக்கு மாற்றியதோடு, அதை நாளொன்றுக்கு இருவேளை எடுக்க வேண்டும் என்றும், ரத்தக்கசிவோ மூச்சுத்திணறலோ தென்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் அப்பாவிடமே பொறுமையாக எடுத்துச் சொன்னார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல், மனச்சோர்வுக்கான எசிடலோப்ரம் போன்ற மருந்துகளை உடலிலிருந்து அகற்றுவதும் இதே நொதியே என்பதால், அவை அப்பாவின் உடலில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தங்கக்கூடும். ஒரே மரபணு ஒரு மருந்தின் பலனைக் குறைத்து, வேறொன்றின் அளவைக் கூட்டுகிறது. எனவே, எந்த மருத்துவரிடம் சென்றாலும் இவ்வறிக்கையைக் காட்டச் சொன்னார்.

அப்பாவின் இரு பிரதிகளும் செயலிழந்தவை என்பதால் எனக்கும் அவற்றுள் ஒன்று வந்திருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்தது எத்தகையது என்று அறிய என் ரத்த மாதிரியையும் கொடுத்திருக்கிறேன்.