20 கேஜா, 28 கேஜா? தட்டு சுடச் சின்னத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு

பறக்கும் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் எல்லோர் கையிலும் இருப்பது 12 கேஜ் துப்பாக்கிதான். கேஜ் என்பது குழலின் அளவு; எண் கூடக் கூடக் குழல் சின்னதாகும். பாரிஸ் 2024-ல் நம் பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டதும் அதில்தான். ஆனால் அந்தத் தோட்டாவில் ஈயம் 24 கிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. அமெரிக்க ஸ்கீட்டில் 20 கேஜ் தோட்டாவுக்கு முக்காலே அரைக்கால் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 25 கிராம் வரை அனுமதி உண்டு. பெயர்தான் சின்னத் துப்பாக்கி. உள்ளே போகும் ஈயம் ஒலிம்பிக் தோட்டாவைவிட ஒரு சிட்டிகை கூடுதல். ஆகவே, 20 கேஜில் தட்டு உடையுமா என்ற சந்தேகமே வேண்டாம்.

இந்தச் சின்ன ரகங்கள் செழிப்பது அமெரிக்காவில்தான். அங்கே ஸ்கீட் போட்டியை 12, 20, 28, .410 (இது மட்டும் அங்குலத்தில் சொல்லும் குழல் விட்டம், நான்கிலும் சிறியது) என்று நான்கு பிரிவாக, ஒவ்வொன்றிலும் நூறு தட்டு வைத்துச் சுடுகிறார்கள். 12 கேஜ் ஏற்கெனவே வைத்திருப்பவர் அடுத்து எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

.410-ஐ முதலில் தள்ளி வைத்துவிடலாம். 9-ஆம் நம்பர் அளவுள்ள பொடி ஈயக் குண்டு என்றால் ஒரு தோட்டாவில் 20 கேஜில் சுமார் 510, 28-ல் சுமார் 440, .410-ல் 290-க்குச் சற்று மேல். எண்ணிக்கை குறைவு என்பதோடு தொல்லை முடியவில்லை. குறுகிய குழலில் குண்டுகள் நீளவாக்கில் அடுக்கப்படுவதால் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. குண்டுகள் பரவும் விரிப்பில் ஓட்டை விழுகிறது. தட்டு தப்பினால் குறி பிசகியதா, ஓட்டை வழியே போனதா என்று தெரியாது. லேசாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு இதை வாங்கித் தருவது எனக்குப் பிடிக்காத வழக்கம். தேர்ந்த கைக்கு உரிய ஆயுதம் அது.

சரி, 20-க்கும் 28-க்கும் வருவோம். சுட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் 28 பக்கம் சாய்வார்கள். முக்கால் அவுன்ஸ் ஈயம், மெல்லிய உதை, நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் வலிக்காது. ஸ்கீட்டில் தட்டுகள் குறுக்கிடும் இடம் சுடுபவரிடமிருந்து 21 கெஜம்தான். அந்தத் தூரத்தில் 28 தட்டைத் தூளாக்கிவிடும். பல தூரங்களில் தட்டு பறக்கும் ஸ்போர்ட்டிங் களத்தில் 40 கெஜத்துக்கு அப்பால் தட்டு பறந்தால்தான் 20-ன் கூடுதல் குண்டுகள் கைகொடுக்கும்.

28-ன் கோளாறு தோட்டாவின் விலை. ஈயம் குறைவாக இருந்தும் விலை கூடுதல், ஏனென்றால் தயாரிப்பு குறைவு. அமெரிக்காவில் 20 கேஜ் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் 12-ஐ ஒட்டியே இருக்கும். வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்பவருக்கு மட்டும் கணக்கு தலைகீழாகும்: 25 பவுண்டு ஈய மூட்டையில் 20 கேஜுக்கு 457 தோட்டா வந்தால், 28-க்கு 533 வரும். அதனால் என் தீர்ப்பு இது: சுடுவது ஸ்கீட் மட்டும், நிரப்பும் மெஷினும் வீட்டில் உண்டு என்றால் 28. மற்ற எல்லோருக்கும் 20.

கேஜ் முடிவானபின் எடையைப் பாருங்கள். கடையில் தூக்கும்போது இறகு மாதிரி இருக்கும் துப்பாக்கி காட்டில் பறவை தேடி நடப்பவருக்கு வசதி. தட்டு சுடுபவருக்கு அதுவே வினை. தட்டைப் பின்தொடரும்போது சட்டென்று திரும்பும், வீச்சு பாதியில் நின்றுவிடும். 30 அங்குலக் குழல், மூன்று கிலோவுக்குக் குறையாத எடை, இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். 28 குழலை 20-ன் சட்டத்திலேயே பொருத்திய மாடல்கள் இந்த விஷயத்தில் நல்லவை.

மேலும் கீழுமாகக் குழல் அமைந்த ரகத்தில் இத்தாலியின் பெரெட்டா 686 சில்வர் பிஜனும், ஜப்பானில் மிரோக்கு செய்து தரும் பிரவுனிங் சிட்டோரியும்தான் பெரும்பாலானவர்களின் இறுதிப்போட்டி. பெரெட்டாவில் குழலைத் தாங்கும் முளைகள் பக்கச் சுவரில் இருப்பதால் உடல் தாழ்வாக, கைக்கு அடக்கமாக இருக்கும். சிட்டோரியில் கீல் குழலுக்கு அடியில் ஓடுவதால் உடல் சற்று உயரம், எடையும் கூடுதல். தட்டுக்கு என்றால் நான் சிட்டோரி பக்கம். செமி ஆட்டோமேட்டிக்கில் உதை இன்னும் குறையும், ஆனால் வெற்றுத் தோட்டாக்களைப் புல்லில் குனிந்து பொறுக்க வேண்டும்.

நல்ல 12 கேஜ் இரட்டைக் குழல் இருந்தால் புதிதாகத் துப்பாக்கியே வாங்காமலும் சமாளிக்கலாம். ஹூஸ்டனின் பிரைலி போன்றவர்கள் குழலுக்குள் செருகும் அலுமினியக் குழாய்களைச் செய்து தருகிறார்கள். ஒரே கட்டை, ஒரே விசை, நான்கு பிரிவும் சுடலாம். முன்பக்கம் கனக்கும் என்பது பழகிப்போகும்.

எதை வாங்கினாலும் 12, 20 தோட்டாக்களை ஒரே பையில் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டாவின் உறை மஞ்சளாக இருப்பது அழகுக்கு இல்லை. அது 12-ன் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.